ஃபோர்-எச்ல சேர்ந்த பொண்ணு முயல் கேக்குறா. ஜோடியா வாங்கி குட்டி எடுக்கலாமா, இல்ல ஷோவுக்கு ஒண்ணு போதுமா?

கொலம்பஸ்மீனா:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க ஒஹாயோல கொலம்பஸ் பக்கம் இருக்கோம். பொண்ணுக்கு பதினோரு வயசு, இந்த வருஷம் ஸ்கூல் ஃப்ரெண்டோட சேர்ந்து ஃபோர்-எச் கிளப்ல (பிள்ளைங்க பிராணி வளர்ப்பு மாதிரி ப்ராஜெக்ட் எடுத்துப் பண்ற அமைப்பு) சேர்ந்திருக்கா. போன சம்மர் கவுன்ட்டி ஃபேர்ல முயல் ஷெட்டுக்குள்ள போனவளை வெளிய கூட்டிட்டு வரவே முடியல, அதுலயும் காது தொங்குற ஹாலந்து லாப்னு ஒரு வகை, அதைப் பாத்ததுல இருந்து வீட்ல அதே பேச்சுதான். நாங்களும் யோசிச்சு சரின்னு சொல்லிட்டோம்.

இப்ப குழப்பம் என்னன்னா, வீட்டுக்காரர் சொல்றாரு வாங்குறதுதான் வாங்குறோம், பெடிக்ரி பேப்பரோட ஆண் ஒண்ணு பெண் ஒண்ணா வாங்கிடலாம், குட்டி போட்டா வித்து தீனி செலவையாவது பாத்துக்கலாம், பிள்ளையும் பொறுப்பு கத்துக்குவான்னு. எனக்கு அது அவ்ளோ ஈசியா தோணல. குட்டி போட்டு யாரும் வாங்கலன்னா என்ன பண்றது? பெட் ஸ்டோர்ல நாப்பது அம்பது டாலருக்கே கிடைக்குது, ப்ரீடர் நூத்தம்பது கேக்குறாங்க, அந்த பேப்பர் இல்லாம ஷோல சேத்துக்க மாட்டாங்களா?

இன்னொண்ணு, நாங்க சைவம். ஃபேர்ல கடைசி நாள் ஏலம் விடுவாங்க, அதெல்லாம் கறிக்குப் போகும்னு கிளப்ல ஒரு அம்மா சொன்னாங்க. பொண்ணு வளத்ததை அப்படிக் குடுக்கச் சொன்னா எங்களால முடியவே முடியாது. அப்புறம் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஜூன்ல ஊருக்குப் போவோம், திருச்சி, அஞ்சு வாரம். அத்தையும் வந்து ஆறு மாசம் எங்களோட இருப்பாங்க, அவங்க எந்தப் பிராணியைப் பாத்தாலும் சாதம் வைக்கிறவங்க. அனுபவம் இருக்கிறவங்க கொஞ்சம் சொல்லுங்க.

ஹூசியர்தமிழன்:

வாங்க மீனா. நாங்க இண்டியானால, பசங்க ரெண்டு பேரும் மினி ரெக்ஸும் ஹாலந்து லாப்பும் யூத் ஷோக்கள்ல காட்டிட்டு இருக்காங்க. நீங்க கேட்ட வரிசையிலயே சொல்லலாம்னு பாத்தேன், ஆனா முதல்ல சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கு. காட்டுறதும் குட்டி எடுக்குறதும் வேற வேற வேலை. முதல் வருஷம் காட்டுறது மட்டும் பண்ணுங்க. ஒரே ஒரு முயல். வீட்டுக்காரர் கோவிச்சுக்கிட்டாலும் பரவால்ல, ஜோடி வேண்டாம்.

பேப்பர் விஷயம். ஷோல கலந்துக்க பெடிக்ரி தேவையே இல்ல. ஆர்பா, அதாவது அமெரிக்க முயல் வளர்ப்போர் சங்கம், அவங்க ஷோல கேக்குறது இடது காதுல அழியாத டாட்டூ நம்பர் இருக்கணும், அந்த முயல் அந்த இனத்தோட ஸ்டாண்டர்டுக்குள்ள வரணும், அவ்ளோதான். பெடிக்ரிங்கிறது அப்பா அம்மா, தாத்தா பாட்டி, அவங்களுக்கும் மேல ஒரு தலைமுறைன்னு மூணு தலைமுறை பேரு, எடை, நிறம், காது நம்பர் எழுதி ப்ரீடரே கையெழுத்துப் போட்டுக் குடுக்குற தாள். அதை வச்சு ரெஜிஸ்டர் பண்ணணும்னா முயலுக்கு ஆறு மாசம் முடிஞ்சிருக்கணும், ஆர்பா லைசென்ஸ் உள்ள ரெஜிஸ்ட்ரார் நேர்ல பாத்து எடை போட்டு குறை ஏதும் இல்லன்னு உறுதி பண்ணி வலது காதுல தனி முத்திரை போடுவாரு. கிராண்ட் சாம்பியன் பட்டம் வேணும்னா ரெஜிஸ்ட்ரேஷன் கட்டாயம், அதுக்கு மூணு 'லெக்', அதாவது ஷோல ஜெயிச்சதுக்குக் குடுக்குற சான்று, சேர்க்கணும், குறைஞ்சது ரெண்டு வேற வேற ஜட்ஜ்கிட்ட, அதுவும் அந்த கிளாஸ்ல மூணு பேரோட அஞ்சு முயலாவது இருந்தாதான் லெக்கே கணக்குல வரும். இதெல்லாம் உங்களுக்கு இப்ப தேவையில்ல. ஆனா நல்ல ப்ரீடர்கிட்ட நூத்தம்பது குடுக்குறது தாளுக்காக இல்லங்க, அவரு அந்த வம்சத்துல யாருக்குப் பல் கோணல் வந்துச்சு, யாரு கடிக்கும், எது மூக்கு ஒழுகிச் செத்துச்சுன்னு தெரிஞ்சு வச்சிருப்பாரு, நாளைக்கு ராத்திரி பத்து மணிக்கு மெசேஜ் பண்ணாலும் பதில் சொல்லுவாரு, அதுக்குத்தான். பெட் ஸ்டோர்ல 'லாப்'னு எழுதி வச்சிருக்கிறது பெரும்பாலும் கலப்பு, வளந்து அஞ்சு ஆறு பவுண்டு ஆயிடும். ஹாலந்து லாப் 4 பவுண்டுக்கு மேல போச்சுன்னா டேபிள்லயே டிஸ்குவாலிஃபை.

வாங்குறதுக்கு முன்னாடி கையில முயலே இல்லாம ஒரு ஷோவுக்குப் போயிட்டு வாங்க, உங்க ஊரு பக்கமே நிறைய நடக்கும். பொண்ணை ஜட்ஜ் டேபிளுக்கு எதிர்ல நிக்க வைங்க. ஜட்ஜ் ஒவ்வொண்ணா தூக்கி காது நம்பரைப் பாப்பாரு, மல்லாக்கப் போட்டு முன்பல் மேல கீழ சரியா பொருந்துதான்னு பாப்பாரு, நகம் எல்லாம் ஒரே கலரா, பின்னாடி புண்ணு கிண்ணு இருக்கா, ஆணா பெண்ணான்னு பாத்துட்டு நேரா உக்கார வச்சு தோள்ல இருந்து இடுப்பு வரைக்கும் உள்ளங்கையால தடவுவாரு, அப்புறம் வால் பக்கத்துல இருந்து தலையைப் பாத்து முடியை எதிர்ப்பக்கமா நீவி விட்டு அது எப்படித் திரும்பிப் படுக்குதுன்னு பாப்பாரு. எதுக்கு இது முதல், எதுக்கு அது மூணாவதுன்னு வாய்விட்டு சொல்லிட்டே போவாரு, பக்கத்துல ஒருத்தர் எழுதிட்டே இருப்பாரு. அந்த பேச்சை அரை நாள் கேட்டா போதும், இணையத்துல ஒரு மாசம் படிக்கிறதை விட அதிகம் விளங்கும். ஹாலந்து லாப்ல கலருக்கு மார்க் ரொம்பக் கம்மி, தலையும் உடம்பும் காது இறங்குற இடமும்தான் எல்லாம்னு பிள்ளைக்கே தெரிஞ்சிடும், அப்ப 'நீல கண்ணு இருக்கு, அபூர்வம்'னு எவனாவது விலை ஏத்திச் சொன்னா ஏமாற மாட்டா.

முதல் முயலுக்கு பக் நல்லது, அதாவது ஆண். பெண் முயல் தன் கேஜுக்குள்ள யாராவது கை விட்டா உறுமும், முன்னங்காலால அடிக்கும், எல்லாம் அப்படி இல்ல, ஆனா பதினோரு வயசுப் பிள்ளைக்கு அமைதியா நிக்கிற ஆண்தான் ஷோமேன்ஷிப்புக்கு வசதி. ஷோமேன்ஷிப்ல மார்க் முயலுக்கு இல்ல, பிள்ளைக்குத்தான். எப்படித் தூக்குறா, பல்லைக் காட்டுறா, கேள்விக்குப் பதில் சொல்றான்னு பாப்பாங்க. பெரிய விலை முயல் வேணும்னு இல்ல.

சைவம்னா ஃபோர்-எச்ல முயல் ப்ராஜெக்ட்லயே ரகம் இருக்கு. மார்க்கெட் ப்ராஜெக்ட்தான் கறிக்கு, அதுதான் ஏலத்துக்குப் போறது, அதுக்கு பெரும்பாலும் நியூசிலாந்து, கலிஃபோர்னியன் மாதிரி பெரிய இனம்தான். பெட் ப்ராஜெக்ட், ப்ரீடிங் ப்ராஜெக்ட்ல சேர்ந்தா முயல் உங்க வீட்டுக்கேதான் திரும்பி வரும். ஃபார்ம் நிரப்பும்போது அதைப் பாத்து டிக் பண்ணுங்க. யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க, எங்க கிளப்ல ரெண்டு விதமும் பக்கத்து பக்கத்துல இருக்கு.

ஷார்லட்காயத்ரி:

நான் இதுக்கு எதிர்ப் பக்கத்துல இருந்து சொல்றேன், கோவப்படாதீங்க. நான் நார்த் கரோலினால முயல் மீட்பு அமைப்புல வாலன்டியர். ஈஸ்டருக்குன்னு நிறைய பேரு முயல் குட்டி வாங்குறாங்க, அது முடிஞ்சு ரெண்டு மூணு மாசத்துல எங்களுக்கு வர்ற போனை எல்லாம் எடுத்து மாளாது. குட்டியா இருக்கும்போது வாங்கினது நாலு அஞ்சு மாசத்துல பருவத்துக்கு வந்து சோஃபால மூத்திரம் பீச்சும், கடிக்கும், உடனே 'வேற வீடு பாத்துக் குடுங்க'ன்னு. நிறைய பேரு பார்க்குல விட்டுடுறாங்க, வீட்டு முயல் வெளிய ஒரு வாரம் தாங்காது.

ஹாலந்து லாப்தான் எங்க கிட்ட அதிகம் வர்ற இனங்கள்ல ஒண்ணு, அழகா இருக்கிறதால எல்லாரும் குட்டி எடுக்குறாங்க. அதனால மீனா, நீங்க ஒரு ஜோடி வாங்குறதுக்கு முன்னாடி உங்க பக்கத்து ஷெல்டருக்கு, அதாவது கைவிட்ட பிராணிங்களை வச்சுப் பாத்துக்குற இடத்துக்கு, ஒரு நடை போயிட்டு வாங்க. பிள்ளையையும் கூட்டிட்டுப் போங்க.

முயல் நல்லா வச்சுக்கிட்டா எட்டு பத்து வருஷம் இருக்கும். பொண்ணு காலேஜ் போகும்போது அது உங்க கையிலதான் இருக்கும். குட்டி எடுக்காத பெண் முயலுக்குக் கர்ப்பப்பை எடுத்துடணும், இல்லன்னா வயசாக ஆக கர்ப்பப்பை புற்றுநோய் வர்ற வாய்ப்பு ரொம்ப அதிகம். அதுக்கு எல்லா கால்நடை டாக்டரும் சரிப்பட மாட்டாங்க, நாய் பூனை மட்டும் பாக்குற டாக்டர்கிட்ட முயலைக் கொண்டு போகாதீங்க, முயல் பாக்குற டாக்டர் யாருன்னு முதல்லயே விசாரிச்சு வைங்க. செலவும் முயலோட விலையை விட பல மடங்கு வரும்.

கொலம்பஸ்மீனா:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. ஷோவுக்கு பேப்பரே தேவையில்லன்னு எங்களுக்கு யாருமே சொல்லல! வீட்டுக்காரர்கிட்ட படிச்சுக் காட்டினேன், அவரு 'சரி முதல் வருஷம் ஒண்ணு, ஆனா அடுத்த வருஷம் குட்டி எடுக்கலாம்ல'ங்கிறாரு. பொண்ணுக்கும் குட்டி பாக்க ஆசைதான். கிளப்ல யாரோ 'பீனட்'னு சொன்னாங்களாம், ஹாலந்து லாப் குட்டி கொஞ்சம் செத்துப் போகும், அது சகஜம்னு. அது என்னது? நிஜமா?

ஹூசியர்தமிழன்:

நிஜம்தான், இதை வாங்குறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்கணும், நிறைய பேரு குட்டி செத்தப்புறம்தான் தெரிஞ்சுக்குறாங்க. ஹாலந்து லாப்பை நெதர்லாந்துல அட்ரியான் டி காக்னு ஒருத்தர் உருவாக்கினாரு, பெரிய ஃப்ரெஞ்ச் லாப்போட குட்டியூண்டு நெதர்லாந்து ட்வார்ஃபைக் கலந்து. 1964ல அங்க அங்கீகாரம் கிடைச்சது. அந்த ட்வார்ஃப் கிட்ட இருந்துதான் குள்ள ஜீன் இதுக்குள்ள வந்துச்சு. அந்த ஜீன் ஒண்ணு இருந்தா முயல் சின்னதா, தலை உருண்டையா, ஷோக்கு ஏத்த மாதிரி இருக்கும். அப்பாகிட்ட இருந்து ஒண்ணு அம்மாகிட்ட இருந்து ஒண்ணுன்னு ரெண்டு சேர்ந்துட்டா அந்தக் குட்டி பிழைக்காது. பொறக்கும்போதே மத்த குட்டில பாதி சைஸ்தான் இருக்கும், பின்னங்கால் இடுப்பு எல்லாம் ஒடுங்கி, தலை மட்டும் பெருசா. சில நாள்ல போயிடும், எவ்ளோ பால் குடுத்தாலும், கதகதப்பா வச்சாலும். அதைத்தான் பீனட்ங்கிறாங்க. ரெண்டு குள்ள முயலைச் சேர்த்தா சராசரியா நாலுல ஒண்ணு அப்படித்தான் வரும். மினி ரெக்ஸ், நெதர்லாந்து ட்வார்ஃப் எல்லாத்துலயும் இது உண்டு.

இதை 'சகஜம்'னு சொல்லி விட்டுட்டுப் போறதை என்னால ஏத்துக்க முடியாது, ஏன்னா தவிர்க்க வழி இருக்கு. அந்த ஜீன் இல்லாத பெண் முயலுங்க அதே வம்சத்துல பொறக்கும், கொஞ்சம் பெருசா, காது நீளமா இருக்கும், 4 பவுண்டைத் தாண்டிடும், அதனால காட்ட முடியாது. ஆனா தாய்க்கு அதுதான் அருமை. அதை நல்ல குள்ள ஆணோட சேர்த்தா பீனட் ஒண்ணு கூட வராது, குட்டில பாதி ஷோ சைஸ்ல இருக்கும், தாய் பெருசா இருக்கிறதால பிரசவமும் சுலபம். எங்க வீட்ல நாங்க இப்படி மட்டும்தான் சேர்க்குறோம். குட்டி எண்ணிக்கைக்காகவோ எல்லாமே ஷோ சைஸ்ல வரணும்னோ ஒரு பிள்ளை கையில உயிரு போறதைப் பாக்கணும்னு அவசியம் இல்ல.

அதே மாதிரி புள்ளி விழுந்த முயலை, இங்க 'ப்ரோக்கன்'ம்பாங்க, இன்னொரு ப்ரோக்கனோட சேர்க்காதீங்க. நாலுல ஒண்ணு அநேகமா வெள்ளையாவே வரும், சார்லின்னு பேரு, அதுங்கள்ல சிலதுக்கு குடல் சரியா வேலை செய்யாம காலம் பூரா அவஸ்தை. ப்ரோக்கனும் ஒரே நிற முயலும் சேர்த்தா அந்தப் பிரச்சினையே இல்ல.

இந்த ஜீன் தலைவலியே வேண்டாம்னா டச் இல்லன்னா ஹிமாலயன் பாருங்க. ரெண்டுலயும் குள்ள ஜீன் கிடையாது. டச்ல பட்டை நேரா விழணும், பாதிக் குட்டிக்கு மேல கோடு கோணலா வந்து ஷோக்கு ஆகாது, அதுங்களுக்கெல்லாம் வீடு தேடணும். ஹிமாலயன் சாதுன்னா அப்படி ஒரு சாது, உடம்பு வெள்ளை, மூக்கு காது கால் வால் மட்டும் கறுப்பு, டேபிள்ல நீளமா படுத்த மாதிரி நீட்டி வச்சுக் காட்டணும், சின்ன பிள்ளைங்க கையில அப்படியே கிடக்கும். அந்தக் கறுப்பு குளிர்ல இன்னும் கருக்கும், வெயில்ல வெளுக்கும், பிள்ளைங்களுக்கு அதுவே ஒரு சயின்ஸ் பாடம்.

குட்டி எடுக்குற அன்னைக்கு நான் பிள்ளைங்ககிட்ட கேக்குற கேள்வி, காலி கேஜ் எத்தனை இருக்கு? சேர்த்த நாள்ல இருந்து 31 நாள் வாக்குல குட்டி போடும், 28வது நாள் குட்டி போடுறதுக்கு நெஸ்ட் பாக்ஸ்னு ஒரு பெட்டி வைக்கணும், எட்டு வாரம் வரைக்கும் தாயோட இருக்கட்டும், அதெல்லாம் சுலபம். மூணு மாசம் நெருங்குறப்ப ஆண் குட்டிங்க ஒண்ணை ஒண்ணு கடிக்க ஆரம்பிச்சிடும், தனித்தனி கேஜ் வேணும். நாலு குட்டின்னா நாலு கேஜ். விக்கலன்னா நாலும் நம்மகூடதான். அதுக்கு இடம் இருந்தா மட்டும் சேருங்க. காசு வர்ற வழியா இதைப் பாக்காதீங்க, தீனி, ஹே (காய்ஞ்ச புல்), கேஜ், பெட்ரோல், என்ட்ரி ஃபீஸ், டாக்டர் செலவுன்னு கணக்குப் போட்டா குட்டி வித்த பணம் எதுக்கும் பத்தாது.

காயத்ரி சொன்னது மேல எனக்குக் கோவம் ஒண்ணும் இல்ல. நாங்க விக்கிற ஒவ்வொரு முயலுக்கும் எழுத்துல குடுக்குறோம், எப்ப வேணாம்னாலும், எத்தனை வருஷம் ஆனாலும் எங்ககிட்டயே திருப்பிக் குடுங்க, கேள்வி கேக்க மாட்டோம்னு. பெட்டா போற பெண் முயலுக்கு ஆபரேஷன் பண்ணிக்கணும்னு முதல்லயே சொல்லிடுவோம். ஈஸ்டர் வர்ற மார்ச், ஏப்ரல்ல புது ஆளுங்களுக்கு விக்கவே மாட்டோம். இணையத்துல 'இலவசம்'னு போட்டுடாதீங்க, பாம்புக்குத் தீனியா வாங்கிட்டுப் போறவங்க இருக்காங்க, சைவக் குடும்பமா இருந்து அது தெரிய வந்தா தாங்க மாட்டீங்க.

ஷார்லட்காயத்ரி:

திருப்பி வாங்கிக்கிற ப்ரீடர்னா எங்களுக்கு பாதி வேலை மிச்சம். எல்லாரும் அப்படி இருந்தா நான் இங்க எழுதவே வேண்டியிருக்காது. பீனட் பத்தி இவ்ளோ வெளிப்படையா சொன்னதுக்கு நன்றி.

இருந்தாலும் என் கருத்து மாறல, இன்னைக்கு ஷெல்டர்ல இருக்கிற முயலுக்கு வீடு கிடைக்கிற வரைக்கும் புதுக்குட்டி வேணுமான்னு எனக்குத் தோணுது. ஆண் முயலுக்கு காயடிச்சா ஆர்பா ஷோல காட்ட முடியாது, ரெண்டு விரையும் இருக்கணும்பாங்க. ஆனா பல கவுன்ட்டி ஃபேர்ல பெட் கிளாஸ், ஷோமேன்ஷிப்ல எல்லாம் ஷெல்டர்ல இருந்து எடுத்த முயலையும் சேத்துக்குறாங்க, மீனா உங்க கவுன்ட்டில ஃபோர்-எச் நடத்துற எக்ஸ்டென்ஷன் ஆபீஸ்ல அதை ஒரு வார்த்தை கேளுங்க.

அத்தை சாதம் வைக்கிறது மட்டும் கண்டிப்பா கூடாது. சாதம், இட்லி, பிரெட், பிஸ்கட் எதுவும். அதோட குடல் நாள் பூரா நார்ச்சத்து போயிட்டே இருந்தாதான் ஓடும், மாவு ஐட்டம் உள்ள போனா நின்னுடும். சாப்பிடாம, புழுக்கை போடாம பன்னெண்டு மணி நேரம் இருந்தா அது எமர்ஜென்சி. எண்பது சதவீதம் டிமதி ஹே, அளவா பெல்லட் (உருண்டைத் தீனி), தண்ணி. அவங்களுக்கு ஏதாவது குடுத்தே ஆகணும்னா ஒரு பிடி மல்லித்தழை இல்ல புதினா, வளந்த முயலுக்கு மட்டும். வெங்காயம், பூண்டு தோல் கூடாது.

வெம்பிளிரூபன்:

நான் லண்டனில இருந்து எழுதுறன், எங்கட மகனும் மகளும் நெதர்லாந்து ட்வார்ஃப் வைச்சிருக்கினம், ரெண்டு பேரும் இஞ்ச ஷோவுக்குக் கொண்டு போறவை. இஞ்ச முறை வேற. காதில டாட்டூ இல்லை, பிரிட்டிஷ் ராபிட் கவுன்சில் குடுக்கிற வளையத்தைப் பின்னங்காலில போடவேணும், குட்டி எட்டுப் பத்து வாரமா இருக்கேக்க போட்டாத்தான் போகும், பிறகு கால் தடிச்சிடும், கழட்டவும் ஏலாது. முயலை வேற ஆளுக்குக் குடுத்தா வளையத்தையும் அவற்ற பேருக்கு மாத்தவேணும்.

நான் சொல்ல வந்தது இடத்தைப் பற்றி. ஷோ முயல் எண்டா சின்னக் கேஜுக்க தனியத்தான் இருக்கவேணும் எண்டு கன பேர் நினைக்கினம். இஞ்ச முயல் நலச் சங்கம் ரெண்டு முயலுக்கு 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரம் எப்பவும் இருக்கவேணும் எண்டு சொல்லுது. நாங்கள் அதைப் பாத்துத்தான் கராஜை மாத்தினாங்கள். காட்டுறதுக்கு இருக்கிற ஆண் தனியத்தான், சண்டை பிடிச்சா காது கிழிஞ்சிடும், ஆனா ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஆள்மாறி ஆள் ஓட விடுவம். ஷோ வயசு முடிஞ்சதுகளுக்கு ஆபரேஷன் செய்து சோடியா வைச்சிருக்கிறம். ஓடித் திரியிற முயலுக்குச் சதை நல்லா இறுகி இருக்கும், ஜட்ஜ் கை வைக்கேக்க அது தெரியும்.

வாக்சீனை மறக்காதேங்கோ. இஞ்ச மிக்சோமடோசிஸுக்கும் ரெண்டு விதமான ஆர்.எச்.டிக்கும் (எல்லாம் முயலைக் கொல்லுற வைரஸ் நோய்) சேர்த்து வருசத்துக்கு ஒரு ஊசி. அமெரிக்காவில எப்பிடி எண்டு அங்க இருக்கிற ஆக்கள் சொல்லுங்கோ.

டேட்டன்சரவணன்:

ரூபன் அண்ணா கேட்டதுக்கு, இங்க மிக்சோமடோசிஸுக்கு ஊசி கிடையாது. ஆர்.எச்.டி வைரஸ்ல ஆர்.எச்.டி.வி 2ங்கிற வகை 2018ல நம்ம ஒஹாயோலயே மெடினா கவுன்ட்டில வீட்டு முயல்கள்ல கண்டுபிடிச்சாங்க, 2020ல தென்மேற்கு மாநிலங்கள்ல காட்டு முயலுக்குள்ளயும் பரவிடுச்சு. எந்த அறிகுறியும் இல்லாம காலையில செத்துக் கிடக்கும், அவ்ளோ வேகம். 2021ல இங்கயே தயாராகுற தடுப்பூசிக்கு அவசர அனுமதி குடுத்தாங்க, மூணு வார இடைவெளில ரெண்டு டோஸ், அப்புறம் வருஷா வருஷம். ஷோவுக்குப் போற முயலுக்கு கண்டிப்பா போடுங்க, நூத்துக்கணக்கான முயலு ஒரே ஹால்ல இருக்கும். ஷோல இருந்து வந்ததையும் புதுசா வாங்கினதையும் ஒரு மாசம் மத்ததுகிட்ட சேர்க்காம தள்ளி வைங்க, அதுங்களுக்குக் கடைசியா தீனி போட்டுட்டு கை கழுவுங்க.

மீனா, ஒஹாயோல ஃபோர்-எச் முயல் பிள்ளைங்க வருஷா வருஷம் குவாலிட்டி அஷ்யூரன்ஸ் க்ளாஸ் முடிக்கணும், அது இல்லாம ஃபேர்ல சேத்துக்க மாட்டாங்க. எந்தத் தேதிக்குள்ள முயல் பிள்ளை கையில இருக்கணும்ங்கிறது கவுன்ட்டிக்குக் கவுன்ட்டி மாறும். நம்ம குடும்பங்கள் மாட்டுறதே இங்கதான், ஃபேர் ஜூலை ஆகஸ்ட்ல, நாம ஜூன்ல ஊருக்குப் போயிடுறோம். ஊருக்குப் போற வருஷம் ப்ராஜெக்ட் எடுக்க முடியுமான்னு எக்ஸ்டென்ஷன் ஆபீஸ் ஏஜென்ட்கிட்ட முதல்லயே பேசிடுங்க. முயலைப் பாத்துக்க கிளப்புல இன்னொரு குடும்பத்தோட பேசி வைங்க, நாங்க அவங்க வெகேஷன் போறப்ப அவங்களோடதைப் பாத்துக்குறோம், அவங்க எங்களோடதை. பக்கத்து வீட்டு நண்பர்கிட்ட சாவி குடுத்துட்டுப் போறதெல்லாம் மீனுக்கு சரி, முயலுக்கு ஆகாது. போறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை சனி ஞாயிறு அங்க விட்டுப் பழக்குங்க, அதே பெல்லட், அதே ஹே.

வெயில் காலத்துல குட்டி எடுக்குற நினைப்பே வேண்டாம். 85 டிகிரி ஃபாரன்ஹீட் தாண்டி தொடர்ந்து சில நாள் இருந்தா ஆணுக்கு விந்து செத்துடலாம், சரியாக வாரக்கணக்குல ஆகும். ஃபேர் ஷெட்ல பாட்டில்ல தண்ணியை ஐஸாக்கி கேஜுக்குள்ள வைங்க, அதுவே போய் அணைச்சுப் படுத்துக்கும்.

கொலம்பஸ்மீனா:

இவ்ளோ விவரமா எழுதுவீங்கன்னு எதிர்பாக்கல, எல்லாருக்கும் நன்றி. பொண்ணு உக்காந்து முழுசையும் படிக்கச் சொல்லிக் கேட்டா. பீனட் பத்தி வர்ற இடத்துல ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு, 'அப்ப ஹாலந்து லாப் ஆண் ஒண்ணு போதும்மா, குட்டி வேணாம்'னு அவளே சொன்னா. வீட்டுக்காரரும் கேஜ் கணக்கைப் போட்டுப் பாத்துட்டு ஒத்துக்கிட்டாரு. வர்ற மாசம் ஒரு ஷோவுக்கு வெறுங்கையோட போறோம், அதுக்கு முன்னாடி ஷெல்டருக்கும் போறோம், அங்க மனசுக்குப் பிடிச்சது இருந்து கவுன்ட்டில பெட் கிளாஸ்ல சேத்துப்பாங்கன்னா அதையும் யோசிக்கிறோம். அடுத்த வருஷம் ஊருக்குப் போகணும், ஏஜென்ட்டுக்கு மெயில் போட்டாச்சு.

கடைசியா ஒண்ணு, அந்தக் காது டாட்டூ வலிக்குமான்னு கேக்குறா. அதை யாரு போடுவாங்க?

ஹூசியர்தமிழன்:

ப்ரீடர்கிட்ட வாங்கினா பெரும்பாலும் அவங்களே போட்டுத்தான் குடுப்பாங்க, வாங்கும்போது இடது காதை விரிச்சு நம்பர் தெளிவா இருக்கான்னு பாத்து பெடிக்ரில இருக்கிற நம்பரோட ஒத்துப் பாருங்க, ஒரு எழுத்து தேஞ்சிருந்தாலும் டேபிள்ல பிரச்சினை. இல்லன்னா ஷோலயே போட்டு விடுறவங்க இருப்பாங்க, சில டாலர்தான் வாங்குவாங்க. துண்டுல முகம் மட்டும் தெரியுற மாதிரி இறுக்கமா சுத்தி ஒருத்தர் மடியில வச்சுக்கணும், காதுல நடுவுல ஓடுற பெரிய நரம்பு மேல படாம மின்சாரப் பேனாவால எழுதுவாங்க. வலிக்கத்தான் செய்யும், சிலது துள்ளும், ஒரு நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிடும். பழைய கவ்வி மாதிரி கருவி இருக்கு, ஊசி எழுத்தை வச்சு ஒரே அழுத்து, அதை விட எனக்கு பேனாதான் பிடிக்கும். முடிஞ்சதும் கொஞ்சம் வாசலின் தடவி விட்டு கேஜுல விடுங்க, அஞ்சு நிமிஷத்துல ஹே தின்ன ஆரம்பிச்சிடும். மை ஒரு வாரம் சுத்தி அப்பிக்கிட்டு இருக்கும், தேய்ச்சுக் கழுவ வேணாம், அதுவே உதிரும். பொண்ணே மடியில வச்சுப் பிடிச்சுக்கட்டும், அவகிட்ட பழகின முயல்னா அவ கையிலதான் அடங்கி இருக்கும்.